துடைத்த படம்

முதல் பெண்ணின் படத்தில் அந்த நரம்பைப் பார்த்தபோது அவள் ஒன்றும் நினைக்கவில்லை. அடுத்து வந்த பெண்ணின் படத்திலும் அதே நரம்பு இருந்தது.

இடது மார்பின் மேல்பக்கத்திலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடாக இறங்கி, பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து, கீழ்க்கிளை மட்டும் ஊசியிலிருந்து நழுவிய நூல்நுனி மாதிரிச் சுருண்டிருந்தது. சுருளுக்குப் பக்கத்தில் கடுகளவில் ஒரு புள்ளி. முதலில் வந்தவள் பேருந்து ஓட்டுபவள், நெட்டையாக, எலும்பும் தோலுமாக இருந்தாள். அடுத்தவள் பள்ளி ஆசிரியை, நாலடி நடந்தால் மூச்சு வாங்கும் உடம்பு. மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் அந்தப் பரிசோதனை நிலையத்தில் வருஷக்கணக்காகப் படம் எடுத்துப் பழகியவள் அவள். முன்பின் அறியாத இரண்டு பேருக்கு ஒரே மூக்கு வாய்த்தாலும் வாய்க்கலாம், உள்ளே ஓடும் நரம்பு அச்சடித்த மாதிரி ஒன்றாக இருக்காது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

பழைய படத்தையே மறுபடி திறந்துவிட்டோமோ என்று பார்த்தாள். இல்லை. மார்பை வைத்து அழுத்தும் தட்டில் அழுக்கு ஒட்டியிருக்குமோ என்று ஸ்பிரிட் தொட்டு அழுத்தித் துடைத்தாள். ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள் வெளியே வெயிலா மழையா என்பதே தெரியாது. இயந்திரத்தின் சன்னமான முனகலும், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடையும், சட்டையைக் கழற்றிவிட்டுக் கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்கும் பெண்களின் பயந்த வியர்வை வாடையும் எப்போதும் அங்கேயே தங்கியிருக்கும். அவளுக்கு அது பழகிப்போன இடம். அன்றைக்கு என்னவோ பின்கழுத்தில் யாரோ மூச்சு விடுவது மாதிரி இருந்தது.

மூன்றாவது பெண்ணுக்கும் அதே நரம்பு.

பக்கத்து அறையில் இரண்டாவது இயந்திரம். அதைப் பார்த்துக்கொள்பவளை எல்லாரும் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணைத் திறந்ததிலிருந்து மூடும்வரை வாய் ஓயாது. அவளிடம் போய்க் கேட்டாள்.

"ஏன் குருவி, உன் படத்துல எல்லாம் ஒரே நரம்பு வருதா?"

"நரம்பா? மேடம், நான் படம் நேரா விழுந்துச்சா, கோணலா விழுந்துச்சான்னுதான் பாப்பேன். உள்ள இருக்கறத பாக்கறதுக்குத்தான் டாக்டரம்மாவ உக்கார வெச்சிருக்காங்களே. உங்களுக்கு தூக்கம் சரியில்ல, மூஞ்சியிலயே தெரியுது."

தூக்கம் சரியில்லைதான். முந்தின நாள் அக்கா ஃபோன் செய்திருந்தாள். இடது மார்பில், மேலே, அக்குளுக்குப் பக்கமாகக் கையில் ஏதோ தட்டுப்படுகிறதாம். அழுத்தினால் நகரவில்லையாம். "கொண்டக்கடலை அளவுதான் இருக்கும் குட்டி, ஒண்ணும் இருக்காது இல்ல?" என்று சிரித்தபடி கேட்டாள். அந்தச் சிரிப்பு பொய் என்று அவளுக்குத் தெரியும். அவர்களுடைய அம்மாவும் இப்படித்தான் சிரித்தாள். அம்மாவைக் கொண்டுபோனது இதே இடத்தில் வந்த கட்டிதான். அதன்பிறகு அவளுக்குத் தலைவாரிவிட்டு, பள்ளிக்கு அனுப்பி, கல்யாணம் பண்ணிவைத்தது வரை எல்லாம் அக்காதான். அக்கா மதியத்துக்கு மேல் வருகிறாள். இந்தப் படங்களை நம்பித்தான் வருகிறாள்.

மனசு கேட்காமல், நடைக்கூடத்தின் கடைசியில் இருந்த டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். படம் படிக்கும் அறை எப்போதும் இருட்டாகத்தான் இருக்கும். இரண்டு பெரிய திரைகளின் வெளிச்சத்தில் டாக்டரம்மாவின் முகம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"நரம்பெல்லாம் பாத்தா ஒண்ணு போலத்தான் தெரியும்மா. போட்டுக் குழப்பிக்காத. புது சாஃப்ட்வேர் வந்ததுல இருந்து என் கண்ணுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? முன்னல்லாம் வாரத்துக்கு நாலு பேரையாவது திரும்பக் கூப்பிட்டு, ஊசி போட்டு சதை எடுத்து அனுப்பணும். இப்ப ஒருத்தர் கூட இல்ல."

"ஒருத்தர் கூடவா?"

"எல்லாம் சுத்தம். உன் வீட்டுக்காரருக்குத்தான் நன்றி சொல்லணும்."

அந்த மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்தில் பொறியாளன் அவள் கணவன். இங்கே அதை நிறுவியதும் அவன்தான். இயந்திரம் எடுக்கும் படம் முதலில் கலங்கலாக, குருணை குருணையாக வரும். அதைத் துடைத்து, தேவையில்லாததை நீக்கி, மருத்துவர் பார்க்கவேண்டியதை எடுத்துக்காட்டுவது மென்பொருளின் வேலை. அந்தக் கலங்கலான கச்சாப் படம் கண் சிமிட்டும் நேரம் திரையில் தெரியும், உடனே துடைத்த படம் வந்துவிடும். கச்சாப் படத்தை யாரும் பார்ப்பதில்லை. அது பூட்டிய இடத்துக்குப் போய்விடும். பொறியாளர்கள் மட்டும் திறக்கலாம். டாக்டரம்மா பார்ப்பதும் துடைத்த படத்தைத்தான்.

நல்ல விஷயம்தானே, யாருக்கும் நோயில்லை என்றால் சந்தோஷப்படத்தானே வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். பாதி நடைக்கூடத்தில் நின்றுவிட்டாள். குருவியின் அறையிலிருந்து இயந்திரத்தின் மேல்தட்டு இறங்கும் ஓசை கேட்டது, ம்ம்ம் என்ற நீண்ட இழுப்பு, பிறகு ஒரு கிளிக். அதே நேரத்தில் அவளுடைய இடது மார்பை ஜில்லென்று எதுவோ பற்றி அழுத்தியது. வலிக்கிற அளவுக்கு. பக்கத்தில் ஆள் இல்லை. பீப் என்று ஒலித்ததும் விட்டுவிட்டது.

சட்டைக்கு மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள். துணி வழியாகவே தோல் சில்லிட்டிருந்தது.

அக்கா வந்தபோது கையில் குடையும், முகத்தில் அதே பொய்ச் சிரிப்பும் இருந்தன. "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? எனக்குத்தானே டெஸ்டு" என்றாள். திரைச்சீலைக்குப் பின்னால் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து, இயந்திரத்தைப் பார்த்து, "இது என்ன, துணி இஸ்திரி போடற மிஷின் மாதிரி இருக்கு" என்றாள். அக்காவின் மார்பைத் தட்டில் வைக்கும்போது விரலுக்குக் கீழே அது தட்டுப்பட்டது. கொண்டைக்கடலைதான். கல் போன்று கெட்டியாக, சதைக்குள் வேர்விட்டு. எத்தனையோ பேரைத் தொட்ட கை அது. அதற்குச் சந்தேகமே இல்லை.

"மூச்சை அடக்கிக்கோக்கா."

மேல்தட்டு இறங்கியது. ம்ம்ம். கிளிக். அக்காவின் மார்பு நசுங்க, அவளுடையதும் நசுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பீப்.

திரைக்கு ஓடினாள். கலங்கலாக ஒன்று மின்னி மறைந்தது. அதன்பிறகு துடைத்த படம். அக்குள் பக்கம் ஒன்றுமே இல்லை. கட்டி இருக்கவேண்டிய இடத்தில் மிருதுவான சாம்பல் நிறச் சதை, அதன்மேல் வெள்ளைக் கோடாக அந்த நரம்பு, சுருண்ட நூல்நுனி, கடுகளவுப் புள்ளி.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இதை அவள் முதன்முதலில் பார்த்தது இன்று காலையில் இல்லை.

மென்பொருளை நிறுவிய நாள். இயந்திரத்தைச் சரிபார்ப்பதற்கு மனித மார்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் வடிவம் வைத்திருப்பார்கள். வரும் வழியில் அது விரிசல் விட்டிருந்தது. புதிதாக ஒன்று வரப் பல நாளாகும். கணவன் கதவைச் சாத்திவிட்டு, "ஒரே ஒரு படம். நீயே நில்லேன். நம்ம ஆளுங்க எல்லாரும் அவசரத்துக்கு இப்படித்தான் பண்ணுவாங்க. பாத்துட்டு அழிச்சிடறேன்" என்றான். நின்றாள். படம் வந்ததும் அவளைப் பக்கத்தில் இழுத்துத் திரையில் விரல் வைத்துக் காட்டினான். "பாரு, எவ்வளவு அழகா சுருண்டிருக்கு. இது உன் கையெழுத்து." அவளுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. அதன்பிறகு மென்பொருளைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஒருமுறை நின்றிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவன் மட்டும் திரையைப் பார்த்துவிட்டு, "துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு" என்பான். ஒவ்வொரு தடவையும் அழித்துவிட்டதாகச் சொல்வான்.

அழிக்கவில்லை. ஊரிலிருக்கும் பெண்களின் உடம்பையெல்லாம் அவள் உடம்பை வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறான்.

"குட்டி, என்னடி சொல்லுது?" என்றாள் அக்கா. குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"இன்னும் ஒரு படம் எடுக்கணும்க்கா. அப்படியே இரு."

திரையில் பொறியாளருக்கான பகுதியைத் திறக்கச் சங்கேதச் சொல் கேட்டது. அவனுக்கு வீட்டுப் பூட்டிலிருந்து வங்கிக் கணக்குவரை ஒரே சொல்தான், அவளைக் கொஞ்சும்போது கூப்பிடும் பெயர். தட்டச்சு செய்தாள். திறந்துகொண்டது. அந்தப் பெயரை இதற்கா வைத்தாய் என்று தொண்டை வரை வந்தது. அக்காவின் கச்சாப் படத்தைத் திறந்தாள். குருணைக் கலங்கலுக்கு நடுவே நட்சத்திரம் மாதிரி முள்முள்ளாகக் கட்டி நின்றது. நரம்பு இல்லை. உண்மை அதுதான். இதை டாக்டரம்மாவிடம் காட்டினால் போதும், இன்றைக்கே ஊசி போட்டுச் சதை எடுத்துவிடலாம், அக்காவைக் காப்பாற்றிவிடலாம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே நட்சத்திரம் மங்கியது. ஓரங்கள் கரைந்தன. குளத்தில் போட்ட கல் மாதிரிப் படத்துக்குள் இறங்கி மறைந்தது.

"குட்டி!" இயந்திரத்தின் பக்கத்திலிருந்து அக்கா அலறினாள். "குட்டி, காணோம்டி!"

ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தாள். அக்காவின் கையை விலக்கிவிட்டு மறுபடி தொட்டாள். சதை மிருதுவாக, வெதுவெதுப்பாக இருந்தது. கட்டி இல்லை. அக்கா அழுதாள், சிரித்தாள், அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "உன் கை ராசிடி. உன் கை பட்டதுமே போயிடுச்சு." கட்டிப்பிடித்தபோது அவளுடைய இடது பக்கம், அக்குளுக்குக் கீழே, சுருக்கென்று வலித்தது.

அக்காவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அறைக்கதவைச் சாத்தினாள். கையை உள்ளே விட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. விட்டாள்.

கொண்டைக்கடலை.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கீழே இன்னொன்று.

பூட்டிய இடத்துக்குள் தேடினாள். அவளுடைய படங்களை அவன் ஒளித்துக்கூட வைக்கவில்லை. அவளுடைய கொஞ்சல் பெயரிலேயே தனியாக ஒரு கோப்புறை. முதல் கச்சாப் படம், நிறுவிய நாளன்று எடுத்தது. சதை, நரம்பு, சுருள், புள்ளி. வேறொன்றும் இல்லை. அதற்கடுத்த தடவை எடுத்ததில் மேலே ஒரு வெள்ளைப் பொட்டு. அதற்கடுத்ததில் நாலைந்து. போன வாரம் எடுத்தது கடைசி. அன்று இரவு அவன் அவளுக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு, கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, துடைச்சு வெச்ச மாதிரி இருக்க" என்றான். அந்தப் படத்தில் சதை என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. நட்சத்திரங்கள், முட்கள், கொத்துக் கொத்தாகச் சுண்ணாம்புத் துகள்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொருத்தியுடையது.

பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும்.

கணவனுக்கு ஃபோன் செய்தாள். அவன் உடனே எடுத்தான். அவள் பேசுமுன் அவன் மூச்சு கேட்டது.

"என்னங்க, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

அவன் எந்தப் படம் என்று கேட்கவில்லை. எதைப் பற்றிப் பேசுகிறாய் என்றும் கேட்கவில்லை.

"நான் வேணும்னு பண்ணலம்மா. முதல்ல எனக்கும் புரியல. உன் படத்த வெச்சு சும்மா வேகமா முடிக்கலாம்னுதான் பாத்தேன். அப்புறம் பாத்தா... எல்லாருக்கும் சரியாயிட்டே வருது. எத்தனை வீட்டுல விளக்கெரியுது யோசிச்சுப் பாரு."

"என்கிட்ட சொன்னீங்களா? ஒரு வார்த்தை?"

"சொன்னா நின்னிருப்பியா?"

அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷம் ஒரே தலையணையில் தலை வைத்த மனுஷன், தினமும் காலையில் சாப்பிட்டாயா என்று கேட்கிற மனுஷன், அவளைக் குப்பைக்கூடையாக வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறான். பாவி. கூடவே இருந்துகொண்டு.

"இப்பவே நிறுத்தறேன்" என்றாள். திரையின் ஓரத்தில் மென்பொருளை நிறுத்தும் சிவப்புப் பட்டை இருந்தது. அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோனாள்.

"வேணாம். அவசரப்படாத." குரல் கெஞ்சியது. "ஒரு நாள் பத்து நிமிஷம் நிறுத்திப் பாத்தேன். எல்லாம் வந்த இடத்துக்கே திரும்பிப் போக ஆரம்பிச்சுது. ஒவ்வொருத்தருக்கும். இன்னைக்கு... உங்க அக்கா வந்திருக்காங்கதானே?"

அவள் ஃபோனை வைத்துவிட்டாள். அக்கா வருவதை அவனிடம் அவள் சொல்லவே இல்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. யாராவது பார்க்கவேண்டும், அவளைத் தவிர இன்னொருத்தர். குருவியைக் கூப்பிட்டு இயந்திரத்தின் முன்னால் நின்றாள். குருவி முதல்முறையாக வாய் பேசாமல் படம் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். கச்சாப் படத்தையே டாக்டரம்மாவின் திரைக்கு அனுப்பிவிட்டு, நடைக்கூடம் நெடுக ஓடினாள்.

"டாக்டர், இது என் படம். பாருங்க. நல்லா பாருங்க."

டாக்டரம்மா பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"உனக்கென்ன, பாடப்புத்தகத்துல போடலாம். கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு. துடைச்சு வெச்ச மாதிரி."

அனுப்பிய கச்சாப் படமும் துடைக்கப்பட்டுத்தான் வந்திருந்தது. திரையில் சாம்பல் நிறச் சதை. வெள்ளை நரம்பு. சுருள். புள்ளி.

"தொட்டுப் பாருங்க டாக்டர். கையால தொட்டுப் பாருங்க."

"படமே இவ்வளவு தெளிவா சொல்லும்போது கை எதுக்கும்மா? போ, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு."

திரும்பி வந்தாள். வழியில் பெஞ்சில் அக்கா, காத்திருந்த பெண்களிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். என் தங்கச்சி கை பட்டதுமே கட்டி பறந்துபோச்சுங்க, நீங்களும் அவகிட்டயே எடுத்துக்கங்க. பெண்கள் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள், கோவிலில் சாமியைப் பார்ப்பது மாதிரி. பெஞ்ச் நிறைந்திருந்தது. சுவரோரமாகவும் வரிசை நின்றது. அக்கா கை ஆட்டினாள். அக்கா முகத்தில் உண்மையான சிரிப்பு. அம்மா போனபிறகு பார்த்தேயிராத சிரிப்பு.

அறைக்குள் போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

இருட்டு. முனகல். சூடான பிளாஸ்டிக்.

திரையில் அவளுடைய கச்சாப் படம், இப்போது எடுத்தது. வெள்ளை. எங்கும் வெள்ளை. நரம்பைக் காணவில்லை. அவளுடைய கையெழுத்து அவளிடம் இல்லை. கீழ்மூலையில் மட்டும் விரல்நகம் அளவுக்குச் சதை மிச்சமிருந்தது.

அம்புக்குறி இன்னும் சிவப்புப் பட்டையின்மேல்தான் நின்றது. விரலை வைத்தாள்.

வெளியே அக்கா சிரித்தாள்.

விரல் அழுத்தவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் குருவியின் குரல். "மூச்சை அடக்கிக்கோங்க."

அவளும் அடக்கிக்கொண்டாள்.

ம்ம்ம். கிளிக். ஜில்லென்று வந்து பற்றியது. பீப்.

"பயப்படாதீங்க, சுத்தமா இருக்கு. அடுத்தவங்க வரலாம்."

திரையில், மிச்சமிருந்த அந்த நகமளவுச் சதைக்கு நடுவில், ஒரு வெள்ளைப் புள்ளி மெல்ல எழுந்து முள் விரித்தது.